“ஒண்ணும் செய்யாது” என்று சொல்லும் முன் கயிற்றைச் சுருக்கலாமா? நாயோடு வெளியே போகிறவர்களுக்கு

அரசலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அரசலாற்றை ஒட்டி எங்கள் வீடு. கருப்பன் என்று ஒரு நாய் வளர்க்கிறேன். மூன்று வயசு. தாய் லேப்ரடார், தகப்பன் எங்கள் தெருவில் சுற்றிய நாட்டு நாய். முப்பது கிலோ இருப்பான். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருக்கிறது.

காலை ஆறு மணி இருக்கும். ஆற்றில் நல்ல தண்ணீர். கரையில் ஆள் இல்லை என்று நினைத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டேன். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். அந்த நேரம் பார்த்துப் படித்துறையிலிருந்து ஒரு பாட்டி ஈரப்புடவையோடு, இடுப்பில் குடத்தோடு ஏறி வந்தார். கருப்பன் வாலை ஆட்டிக்கொண்டே அவரிடம் ஓடினான். பாட்டி பதறிப்போய்ப் பின்னால் கால் வைத்தார். பாசி பிடித்த படி. இரண்டு படி சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். குடம் உருண்டு ஆற்றோடு போய்விட்டது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம்.

நான் எட்ட நின்றுகொண்டே கத்தினேன்: “ஒண்ணும் செய்யாதும்மா, பயப்படாதீங்க!”

அவர் விழுந்த இடத்திலிருந்தே சொன்னார்: “செய்யுமா செய்யாதான்னு உனக்குத் தெரியும். எனக்கு எப்படிப்பா தெரியும்?”

சாயங்காலம் ஒரு புதுக் குடம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஒன்பது வயசில் அவரை நாய் கடித்திருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் அவர் அப்பா சைக்கிளில் உட்கார வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறார். “பதினாலு நாளும் எங்கப்பா வயலுக்கே போகலை. நடவு நேரம்” என்றார். அந்தப் பழைய வயிற்று ஊசி 2005-க்குப் பிறகு நம் நாட்டில் கிடையாது. ஆனால் பாட்டி பேசும்போது கை தானாக வயிற்றுக்குப் போனதைப் பார்த்தேன்.

கருப்பன் கடிக்க மாட்டான் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். எதிரே வருகிறவருக்கு அவன் முப்பது கிலோ எடையில் பாய்ந்து வரும் ஒரு மிருகம். இதை நான் இரண்டு வருஷமாக யோசிக்கவே இல்லை. எத்தனை பேர் என்னைப் பார்த்ததும் கரையை விட்டு இறங்கி அந்தப் பக்கமாகப் போயிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

இப்போது செய்துவருவது: வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம். ஆறடிக் கயிறு. எதிரே ஆள் வந்தால் இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொள்கிறேன்; கருப்பன் வேலிப் பக்கம், நான் ஆள் பக்கம். குறுகலான இடமாக இருந்தால் நின்று அவனை உட்கார வைத்துவிட்டு அவர்களைப் போகவிடுகிறேன். படித்துறைப் பக்கம் காலை ஒன்பது மணி வரை போவதே இல்லை, அது குளிக்கிறவர்களின் இடம்.

உங்கள் ஊரில் நீங்கள் எப்படி? நாய் வளர்ப்பவர்களும் எழுதுங்கள். நாயைக் கண்டால் ஆகாதவர்கள் அவசியம் எழுதுங்கள். உங்கள் பேச்சுத்தான் எனக்கு அதிகம் வேண்டும்.

---

வடக்குவீதி

பாட்டியைப் போய்ப் பார்த்தது பெரிய விஷயம் சார். ஆனால் ஒன்று கேட்கிறேன். தெருவுக்குப் பதினைந்து நாய் திரிகிறது. ராத்திரி சினிமா விட்டு பைக்கில் வந்தால் நான்கு நாய் சேர்ந்து துரத்துகிறது. போன வருஷம் என் மைத்துனர் அப்படி விழுந்து தோள்பட்டை எலும்பு விலகியது. அதையெல்லாம் விட்டுவிட்டு, கயிறு கட்டி ஒழுங்காகக் கூட்டிப்போகிற நாலு பேருக்குப் பாடம் எடுப்பதில் என்ன பலன்?

---

கமலாலயம்

@வடக்குவீதி, இரண்டையும் பிரிக்க முடியாது அண்ணே. நான் திருவாரூர். கமலாலயக் குளத்தைச் சுற்றித் தினமும் நடக்கிறேன். “கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி” என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு), ஒரு சுற்று வர நேரம் பிடிக்கும். அந்தச் சுற்றில் நான் பார்க்கிற தெருநாய்களில் மூன்றின் கழுத்தில் இன்னும் பட்டை இருக்கிறது. ஒன்று பொமரேனியன். அது தெருவில் பிறந்ததா? யாரோ ஒரு வீட்டில் வாங்கி, பிறகு வேண்டாம் என்று ராத்திரியில் கொண்டுவந்து விட்டதுதானே. கருத்தடை செய்யாமல் வீட்டு நாயைத் திறந்துவிட்டால் அடுத்த வருஷம் தெருவில் ஆறு குட்டி.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். தெருநாய் விஷயத்தில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்று. கண்ட இடத்தில் சோறு வைக்கக்கூடாது, அதற்கென்று வார்டு தோறும் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே வருஷம் நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று வந்தது. அதெல்லாம் நகராட்சியும் அரசும் செய்ய வேண்டிய வேலை.

வீட்டு நாய்க்கு நாம்தான் பொறுப்பு. பாரதிய நியாய சம்ஹிதை 291-ஆம் பிரிவு, வளர்க்கும் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289. அப்போது அபராதம் 1000.

---

களத்துமேடு

நான் நாய் வளர்க்கலை. விவசாயி. நீடாமங்கலம் பக்கம். அரசலாற்றங்கரை தம்பி ஆகாதவங்க எழுதணும்னு கேட்டதால எழுதுறேன். நாய் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. கூட்டிக்கிட்டு வர்ற ஆளு எங்க நிலைமையைப் புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

இப்ப குறுவை அறுவடை. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. மழை வேற நின்னு நின்னு பெய்யுது. களம் எல்லாருக்கும் போதாது, அதனால ரோட்டுல கொட்டிக் காயப்போடுறோம். ரோடு நெல்லுக்கு இல்லைதான், ஒத்துக்கிறேன். ஆனா வேற வழி இல்லாம போடுறோம். ராத்திரி பகலா காவல் இருக்கோம். டவுனிலேருந்து காலையில நாயைப் பிடிச்சுக்கிட்டு காத்து வாங்க வர்றவங்க அந்த நெல்லு மேலயே நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க. நாய் குவியலைக் கண்டா காலைத் தூக்கும், அது அதோட குணம். நீங்க கயித்தை இழுத்து அந்தப் பக்கம் நடந்தா முடிஞ்சுது. நெல்லுன்னா எங்களுக்கு என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்போட யாரும் மிதிக்க மாட்டோம்.

அடுத்து வாத்து. அறுத்த வயல்ல வாத்து மேய்க்கிறவங்க நூத்துக்கணக்குல ஓட்டிக்கிட்டு வந்து தங்குவாங்க. ஒரு நாய் உள்ள பாஞ்சா போதும். கடிக்கவே வேணாம், துரத்தினாலே எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து நசுங்கும். மிச்சம் சிதறி ஓடும், பயந்த வாத்து முட்டை விடாது. போன மாசம் ஒரு கார்க்காரரோட நாய் அப்படிப் புகுந்துச்சு. அவரு “விளையாடுறான்”ன்னாரு. மேய்க்கிறவரு பொஞ்சாதி வயலுக்கும் வரப்புக்கும் ஓடிக்கிட்டே அழுதுச்சு. ஏழு வாத்து போச்சு. பக்கத்துல நின்ன நாங்க சத்தம் போட்ட பிறகுதான் அவரு காசு எடுத்தாரு.

எருவுக்காக வயல்ல கிடை போட கீதாரிங்க (ஆடு மேய்க்கிறவங்க) ஆட்டை ஓட்டிக்கிட்டு வருவாங்க. சினை ஆடு நிறைய இருக்கும். நாய் விரட்டினா குட்டி கலைஞ்சுடும். அவங்க நாயும் அங்க இருக்கும், அது சும்மா விடாது, உங்க நாய் கிழிபட்டுத்தான் வரும். அதனால கிடையைக் கண்டா தூரத்துலயே திரும்பிடுங்க.

இன்னொண்ணு. சம்பா அறுத்த வயலைப் பார்த்துட்டு காலி நிலம்தானேன்னு நாயை ஓடவிடுறாங்க. அது காலி இல்லை. அறுக்கிறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ஈரத்துல உளுந்தும் பயறும் தெளிச்சிருப்போம். தாளுக்கு இடையில சின்னச் செடியா முளைச்சிருக்கும். குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.

---

அரசலாற்றங்கரை

@களத்துமேடு அண்ணே, உளுந்து விஷயம் எனக்குத் தெரியாமலே மாசி மாசத்தில் கருப்பனை ஓடவிட்டிருக்கிறேன். அது யார் வயல் என்று தெரியும். நாளைக்கே போய்ப் பேசுகிறேன்.

---

கோலப்புள்ளி

பெண்கள் பக்கமிருந்து ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். மார்கழியில் நாலரைக்கே. குனிந்து புள்ளி வைக்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. திடீரென்று கழுத்துக்குப் பின்னால் ஒரு நாயின் மூச்சு. திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் ஒருவர் போன் பார்த்துக்கொண்டு வருகிறார், கயிறு அவர் கையில் தொங்குகிறது. இரண்டு முறை இப்படி ஆகி, இப்போது நான் வாசலைப் பார்த்து உட்காராமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்து கோலம் போடுகிறேன்.

தயவுசெய்து வீட்டு வாசல்களை ஒட்டி நடத்தாதீர்கள். தெரு நடுவில் நடத்துங்கள், அந்த நேரத்தில் வண்டி அதிகம் வராது. ஆள் குனிந்திருந்தால் ஒரு குரல் கொடுங்கள், “அக்கா, நாய் வருது” என்று. அந்த ஒரு வார்த்தை போதும்.

மலம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நாங்கள் வெறுங்காலோடு நிற்கிற வாசல் அது.

---

வடக்குவீதி

மாடு தெருவெல்லாம் சாணி போடுகிறதே, அதை யாரும் கேட்பதில்லையே?

---

கோலப்புள்ளி

சாணியை அள்ளிக்கொண்டு போய் வறட்டி தட்டுவார்கள், வாசலில் கரைத்துத் தெளிப்போம். நாய் மலத்தை யார் அள்ளப்போகிறார்கள்? போட்டவரைத் தவிர யாருக்கும் அந்த வேலை இல்லை. நகராட்சி தூய்மைப் பணியாளர் அக்கா கையால் அதை எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்க மனசு தாங்கவில்லை.

---

வெள்ளைச்சீருடை

முப்பத்திரண்டு வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். பொறுத்துப் படியுங்கள்.

முதலில் கோலப்புள்ளி சொன்னது. நாய் மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருக்கும். நம் மண் ஈரமும் நிழலும் கலந்த மண், அந்த முட்டைக்கு மிகவும் தோதானது. பொரித்து ஒரு வாரத்துக்குள் அந்தப் புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகும் நிலைக்கு வந்துவிடும். பாதத்தில் சிவப்புக் கோடு வளைந்து வளைந்து நகரும், அரிப்பு தூங்கவிடாது. நாற்று நடுகிற பெண்கள், மணலில் விளையாடுகிற குழந்தைகள், அதிகம் இவர்கள்தான் இப்படி வந்திருக்கிறார்கள். உருண்டைப்புழு முட்டை இன்னும் மோசம், மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மண்ணளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் போதும். ஆகவே அள்ளுவதோடு நிறுத்தாமல் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுங்கள். குட்டிக்கு இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பெரியதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எடைக்குத் தகுந்த அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

அள்ளுவதற்குப் பிளாஸ்டிக் பை தேடாதீர்கள். பழைய செய்தித்தாள் இரண்டு தாள் மடித்துப் பையில் வைத்தால் போதும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் வாழைச் சருகை வைத்து அள்ளுகிறார், கை படாமல் சுத்தமாக வருகிறது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு முழம் ஆழத்தில் புதைக்கலாம். கீரைப் பாத்தி, கிணறு, அடிகுழாய் பக்கம் மட்டும் வேண்டாம். வாய்க்காலில் எறிவதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். கீழ்மடையில் யாரோ அந்தத் தண்ணீரில் முகம் கழுவுகிறார்கள்.

இரண்டாவது, எலிக்காய்ச்சல். பேர் எலி என்றாலும் நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். தேங்கிய தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் உள்ளே போய்விடும். காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் கடுமையான வலி, கண் சிவப்பு. விட்டால் ஈரல், சிறுநீரகம் வரை போகும். நாய்க்கு வருஷா வருஷம் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து கலந்த வகை இருக்கிறது. டெல்டாவில் நாய் வளர்ப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். உங்கள் நாய்க்காக மட்டும் இல்லை.

மூன்றாவது வெறிநோய். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறிவிடும், நான் பார்த்தவை அப்படி. அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லாத நோய் இது. அறிகுறிக்கு முன்னால் ஊசி போட்டால் முழுக்கத் தடுத்துவிடலாம். கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ, முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை. அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். முதல் நாளை 0 என்று எண்ண வேண்டும். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற உடனடி எதிர்ப்பு மருந்து ஊசியும் போடுவார்கள். காயம் பட்ட தோலை நாய் நக்கினாலும் ரத்தக் காயம் போலத்தான் கணக்கு. மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டு நாலாவதுக்கு வராதவர்கள் ஏராளம். வாருங்கள்.

வளர்ப்பு நாய்க்கு மூன்று மாத வயசில் முதல் வெறிநோய் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருஷம் ஒன்று. அந்த அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். உங்கள் நாயின் பல் யார்மேலாவது பட்டுவிட்டால் ஓடி ஒளியாமல் உங்கள் பெயர், வீடு, அந்த அட்டை மூன்றையும் அங்கேயே காட்டுங்கள். பத்து நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனித்துத் தினமும் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். பத்தாம் நாளும் நாய் நன்றாக இருந்தால் அந்தக் கடியால் நோய் இல்லை என்று தைரியம் வரும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு அம்மா தன் பையனோடு வார்டில் உட்கார்ந்துகொண்டு “எந்த வீட்டு நாய்னு தெரியலையே சிஸ்டர்” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கயிறு பிடித்திருந்த ஆள் வேகமாக நடந்து போய்விட்டாராம்.

---

பூவரசு

நன்றி அம்மா. இதை எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போடுகிறேன்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறோம். என் மகளுக்கு ஐந்து வயசு. நாய் என்றால் உயிர். இதிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. எதைக் கண்டாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள். நான்காவது மாடியில் ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன். முதலில் நாய்க்காரரிடம் “தொடலாமா மாமா?” என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால் கையை மடக்கி நாய் முகர்ந்து பார்க்க நீட்ட வேண்டும். தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் கழுத்துப் பக்கம் தடவ வேண்டும். சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது கிட்டப் போகவே கூடாது. “இன்னிக்கு வேணாம் பாப்பா, அவனுக்கு உடம்பு சரியில்லை” என்று அவர் சில நாள் மறுத்தும் இருக்கிறார். அந்த மறுப்பு அவர்மேல் எனக்கு மரியாதையைக் கூட்டியது. தன் நாய்க்கு எப்போது முடியாது என்று அவருக்குத் தெரிகிறது.

லிஃப்டில் உள்ளே யாராவது இருந்தால் அவர் ஏறுவதில்லை. அடுத்ததற்குக் காத்திருப்பார். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் கடித்துக் குதறிய செய்திக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் நாயே கூடாது என்று பேச்சு வந்தது. அவரைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு அடங்கியது.

---

நாட்டுநாய்

எல்லோரும் கட்டு, இழு, சுருக்கு என்றே சொல்கிறீர்கள். நான் சிப்பிப்பாறை வளர்க்கிறேன். ஓடப் பிறந்த இனம். கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாமே காடு மேடு அலைந்து வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. இருபத்துநாலு மணி நேரமும் தூணில் கட்டினால் அது மூர்க்கமாகத்தான் ஆகும். பிறகு ஒருநாள் அறுத்துக்கொண்டு ஓடினால் எதிரே கிடைத்தவரைக் கடிக்கும். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதை 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டமே கொடுமை என்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் அல்சேஷனை மாடிப்படிக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறார், அது நாள் முழுக்கக் குரைக்கிறது, தெருவே தூங்குவதில்லை. அந்த நாய்க்குத் தேவை ஒரு மணி நேர நடை.

நான் செய்வது: முப்பதடி நூல் கயிறு. கிணற்றுக் கயிறு மாதிரி, கொஞ்சம் மெல்லியது. ஆள் இல்லாத திடலில் அதை விட்டுப் பிடித்தால் நாய் ஓடிக் களைக்கும், கயிறும் நம் கையில் இருக்கும். ரோட்டில் அதைப் பயன்படுத்தக் கூடாது, பைக்கில் சிக்கும். கூப்பிட்டால் வருகிற பழக்கத்தைக் குட்டியிலேயே பழக்குங்கள். வந்தவுடன் ஒரு கை கருவாட்டுத் துண்டு. திட்டினால் அடுத்த முறை வராது. ஓடிப்போய்த் தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள், அது வந்ததற்குத் திட்டு என்றுதான் புரிந்துகொள்ளும்.

கடிக்கிற பழக்கம் உள்ள நாய்க்கு வாய்மூடி போட்டுக் கூட்டிப்போங்கள். கூடை மாதிரி இருக்கிற வகை வாங்குங்கள். துணியால் இறுக்கிக் கட்டுகிறது வேண்டாம், நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. தார் ரோட்டில் புறங்கையை ஐந்து எண்ணும் வரை வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள்.

---

வடக்குவீதி

@நாட்டுநாய், குரைப்பைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் தெருவிலும் அதேதான். இதுவரை அந்த வீட்டுக்காரரிடம் சண்டைதான் போட்டிருக்கிறேன். நடை இல்லாததால் குரைக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு ராத்திரி வேலை, பகலில் தூங்குகிறார். என் பையன் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மாதான் இருக்கிறான், நாய் என்றால் ஆசை. கேட்டுப் பார்க்கிறேன்.

---

தரங்கைக்காற்று

கடற்கரைக்கு நாயோடு வருகிறவர்களுக்கு. தரங்கம்பாடி, பூம்புகார், வேளாங்கண்ணி, கோடியக்கரை எல்லா இடத்துக்கும் பொருந்தும். தை தொடங்கிப் பங்குனி வரை ராத்திரியில் பங்குனி ஆமை கரையேறி முட்டை இடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். பொரிக்க ஐம்பது நாள் போல ஆகும். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் ஒரே நிமிஷத்தில் எல்லாம் போச்சு. வனத்துறை ஆட்கள் விடியுமுன் கரை முழுக்க நடந்து முட்டையைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நாய் போய்விடுகிறது. அந்த மாதங்களில் விடியற்காலையில் மணலில் நாயை அவிழ்க்காதீர்கள். ஆமை காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில் இருக்கிறது.

இன்னொன்று, எங்கள் பெண்கள் மணலில் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். களத்துமேடு அண்ணன் நெல்லுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும்.

---

கமலாலயம்

ஐப்பசி பிறக்கப்போகிறது. மயிலாடுதுறையில் காவிரித் துலாக்கட்டத்தில் மாதம் முழுக்கக் குளிக்கிற கூட்டம், கடைமுகத்தன்று (ஐப்பசி கடைசி நாள்) நிற்க இடம் இருக்காது. ஆடிப்பெருக்கிலும் இப்படித்தான், காதோலை கருகமணி விட வருகிற பெண்கள், கைக்குழந்தை, சித்திரான்னம், எல்லாம் படியிலேயே. அந்த நாட்களில் நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். வேட்டுப் போடுகிற சாமி புறப்பாட்டுக்கும் கூட்டிவர வேண்டாம். கயிற்றை உருவிக்கொண்டு ஓடிய நாயைத் தேடி இரண்டு நாள் அலைந்த வீடு எனக்குத் தெரியும்.

---

பூவரசு

கருத்தடை, ஊசி எல்லாம் எங்கே போடலாம்? புதிதாக நாய் வாங்கியவர்கள் குழுவில் கேட்கிறார்கள்.

---

வெள்ளைச்சீருடை

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரியுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல இடங்களில் இலவசமாகப் போடுவார்கள். கருத்தடை போன்ற அறுவை சிகிச்சைக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகுமுன் போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

---

அரசலாற்றங்கரை

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. உளுந்து வயல்காரரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு நான் ஓடவிட்டது தெரிந்தே இருக்கிறது. “சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன் தம்பி” என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. மாசியில் உளுந்து தெளித்த பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாட்டி முழங்கை ஆறிவிட்டது. கருப்பனை அவர் வீட்டுப் பக்கம் கூட்டிப்போவதில்லை. பழகிவிட்டால் பயம் போய்விடும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர் கேட்கவில்லை, நான் காட்டப் போவதில்லை.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. கயிறு கட்டியதிலிருந்து கருப்பனுக்கு ஓட்டம் குறைந்துவிட்டது, வீட்டில் செருப்பைக் கடித்து வைக்கிறான். கும்பகோணம் பக்கம் வேலி போட்ட இடம் யாருக்காவது தெரியுமா? நாட்டுநாய் சொன்ன நீளக் கயிறு வாங்கிவிட்டேன்.

---

களத்துமேடு

தம்பி, எங்க தென்னந்தோப்பு ரெண்டு ஏக்கர், நாலு பக்கமும் கம்பி வேலி. உங்க ஊர்லேருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு முன்னாடி வாங்க, அப்புறம் தேங்கா பறிக்க ஆள் வரும். வாத்து வந்து பக்கத்து வயல்ல இறங்கியிருந்தா முந்தின நாள் ராத்திரியே சேதி போடுறேன், அன்னிக்கு வர வேணாம். கயிறு எடுத்துக்கிட்டு வாங்க, தோப்பு கேட் வரைக்கும் ரோட்டுல நெல்லு கிடக்கு.

---

அரசலாற்றங்கரை

வருகிறேன் அண்ணே. ஊசி அட்டையும் எடுத்து வருகிறேன்.